ஒப்படைக்க ஒரு வாரம்

"கழுத்தைத் திருப்பாதீங்க... அப்படியே படுங்க."

மழையில் தொப்பலாக நனைந்து வந்தவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, தோள் மேலே ஏறியிருந்தது. பஸ்ஸில் கோணலாகத் தூங்கிய கழுத்து... பிசியோதெரபிஸ்ட் கண்ணுக்கு இது போதாதா?

"இல்லங்க, நான் வந்து..."

"பேசாம படுங்க. பேசினா இன்னும் இறுகும்."

அவன் கவிழ்ந்து படுத்தான். அவள் விரல்கள் இறுகிய இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்தின. கொஞ்ச நேரத்தில் எழுந்தவன், கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு கண்ணில்தான் முதலில் வந்தது... பாழாய்ப்போன கண்கள்!

"நல்லா பண்றீங்க. நானும் பிசியோதான். உங்க இடத்துக்கு வந்திருக்கேன்."

அவளுக்குக் காதுவரை சூடேறியது. "முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்ல விட்டாத்தானே?"

அந்தச் சின்ன ஊருக்கு அது ஒன்றுதான் மருத்துவமனை. பிசியோதெரபிக்கு ஒரே அறை, ஒரே ஆள். பெருநகரத்தில் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் மையத்தில் வேலை கிடைத்த அன்று அவள் வீட்டுக்குள் குதித்த குதியில் அப்பாவின் காபி கவிழ்ந்தது. இந்த வாரம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

"நான் போற அதே ஊரை விட்டுட்டு இங்க வந்திருக்கீங்க... துரத்தி விட்டுட்டாங்களா?"

அவன் முகம் சுண்டியது. "நானாத்தான் விட்டேன். ஒருத்தரை ஒரு தடவை பார்ப்பேன், அடுத்த தடவை வேற யாராவது பார்ப்பாங்க. அவர் நடந்தாரா இல்லையான்னே எனக்குத் தெரியாது."

"இங்க என்னை மசாஜ் பண்ற பொண்ணும்பாங்க. ஒரு சந்தேகம் கேக்க ஆள் கிடையாது. இருந்து பார்த்துட்டுப் பேசுங்க."

அதற்குப் பிறகு வேலைப் பேச்சு மட்டும்தான். ஆனால் வேலைப் பேச்சே போதுமானதாக இருந்தது.

"இந்த தையல்கார அண்ணன்கிட்ட கையைத் தூக்குங்கன்னா தூக்க மாட்டார். உங்களால முடியாதுன்னு சொல்லுங்க."

அவன் சொன்னான். பக்கவாதம் வந்த அந்தக் கை அவனைத் திட்டுவதற்காகவே மெல்ல மேலே எழுந்தது. இருவரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு...

இன்னொரு நாள், ஒரு டீச்சரின் முழங்கால் பயிற்சி தவறு என்றான் அவன். இல்லவே இல்லை என்றாள் அவள். டீ ஆறும்வரை சண்டை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு மனசு பறந்தது. இப்படிச் சண்டை போடத்தானே ஒரு ஆள் இல்லாமல் தவித்தாள்? ஐயோ, கிளம்புகிற நேரத்தில் இது என்ன வம்பு?

கடைசி நாள் தையல்காரர் கதவிலிருந்து ஜன்னல்வரை தானாக நடந்தார். இவள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்... தொடாமல் கூடவே போனார்கள். அவன் கண் கலங்கிவிட்டது.

அவர் போன பிறகும் மழை விடவில்லை. அவள் பையை மூடினாள்.

"போக வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன்."

"சொல்ல மாட்டேன். ஆனா இன்னொரு ஆளுக்கு இடம் உண்டான்னு மேனேஜர்கிட்ட கேட்டேன். ஒருத்தருக்குச் சம்பளம் தர்றதே பெரும்பாடுன்னுட்டார்."

"எனக்காகவா கேட்டீங்க?"

"எனக்காக."

அவள் பையைக் கீழே வைத்தாள். "நான் போகத்தான் போறேன். போகாம இருந்தா உங்களைப் பார்க்கறப்பெல்லாம் அந்த வேலைதான் ஞாபகம் வரும். அது வேண்டாம்... ஏன்னா எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் தைரியம் கரைவதற்குள் சொல்லி முடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை பஸ் பிடிச்சு வருவேன். பேஷன்ட் யாரையும் பார்க்க இல்ல."

"ஒரு வாரம் நீங்க வாங்க. மறு வாரம் நான் வர்றேன்."

"அந்த ஊரே வேண்டாம்னுதானே வந்தீங்க?"

"அப்போ அங்க நீங்க இல்லையே."