கழலாத இணைப்பி

கழன்று வரவில்லை.

யாழிசை விரல்நுனி வெளுக்கும்படி இன்னொரு முறை இழுத்தாள். பேட்டரியின் இணைப்பியும் வண்டியின் இணைப்பியும் ஒன்றையொன்று விடுவதாக இல்லை. அரையிறுதி முடிந்துவிட்டது, இறுதிப் பந்தயத்துக்குள் பேட்டரியை மாற்ற வேண்டும். ஆனால் பந்தயம் இப்போது அவள் நினைவிலேயே இல்லை. பேட்டரியின் வயிறு உப்பியிருந்தது. தொட்டால் சுட்டது.

சொந்தக் கார் வைத்துக்கொள்வது வழக்கொழிந்த பிறகு கோவையின் அடுக்ககங்களில் நிலவறைகள் எல்லாம் காலியாகி, வானலையால் தூர இருந்தே ஓட்டும் முழ நீள வண்டிகளின் பந்தயத் திடல்களாக மாறியிருந்தன. ஞாயிற்றுக்கிழமையானால் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட இயக்கியும் கையுமாக இறங்கிவிடுவார்கள். சரவணம்பட்டியின் இந்த நிலவறையில் ஒரே ஒரு தொல்லை. வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கட்டிடம் முழுவதற்கும் மின்சாரம் சேமித்துவைக்கும் மின்கலக் கூடம். இங்கே ஒரு தீ பிடித்து அங்கே தாவினால் மேலே ஒரு வீடு மிஞ்சாது. யாழிசையின் வீடு மூன்றாம் மாடி. எட்டு மாதக் குழந்தையை நாத்தனார் பூவிழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. பேட்டரி உப்பிருச்சு."

கணவன் நன்மாறன் குனிந்து பார்த்தான். "கழட்டி மணல் வாளியில போட வேண்டியதுதானே?"

"வந்தாத்தானே போடறதுக்கு! வண்டியோட போட வாளி பத்தாது."

இணைப்பில் வைத்திருந்த ஆறீயம் என்ற புது வகை ஈயத்தைக் குறை சொல்வதற்கில்லை. அது தன் வேலையைத்தான் செய்திருந்தது. பழைய ஈயம் வைத்த இணைப்புகள் குலுங்கிக் குலுங்கி விரிசல் விடும். பந்தயத்தின் நடுவில் கம்பி கையோடு வந்துவிடும். வளர்ந்த மனிதர்கள் அதற்காகக் கண்கலங்கியதுண்டு. ஆறீயம் வந்து அந்தக் கண்ணீரைத் துடைத்தது. மின்சாரத் தொடர்பு இருக்கும்வரை அந்த உலோகத்துக்கு ஒரு மாதிரி உயிர் இருக்கும். விரிசல் கண்ட இடத்துக்குத் தானே ஊர்ந்துபோய் நிரப்பி, புண் ஆறுவதுபோல ஆற்றிக்கொள்ளும். ஒரே வருடத்தில் மிக்சியிலிருந்து மின்தூக்கி வரைக்கும் அதுதான்.

வானலை வண்டிக்காரர்களுக்கோ ஒரு பழைய பழக்கம். ஈயம் வைக்கும் சூட்டில் இணைப்பியின் பிளாஸ்டிக் இளகி ஊசிகள் சாய்ந்துவிடும் என்பதால், அதன் ஜோடியை மாட்டிவைத்துக்கொண்டுதான் சூட்டுக்கோலைத் தொடுவார்கள். நல்ல பழக்கம்தான். காணொளி போட்டு ஊருக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவள் யாழிசை. அந்தச் சூட்டில் துளியூண்டு ஆறீயம் ஊசி வழியாக ஜோடிக்குள் இறங்கும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. போதாக்குறைக்கு இந்த வருடம் ஒரு புது விதி: வெள்ளிக்கிழமை சோதித்து முத்திரை ஒட்டிய வண்டியை அரையிறுதிவரை யாரும் கழற்றக் கூடாது. மாட்டியது மாட்டியபடி இரண்டு நாள் கிடந்தது. சேர்ந்து பிரிவதற்கென்றே செய்த இரு தகடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருக்குமல்லவா, ஆறீயத்துக்கு அதுவும் ஒரு விரிசல்தான். அதையும் ஆற்றிவிட்டது.

நன்மாறன் வெட்டுக்குறடை எடுத்தான்.

"ரெண்டு கம்பியையும் சேத்து வெட்டிராதீங்க! குறடே பாலமாயி நெருப்பு பத்திக்கும்."

"தெரியுங் கண்ணு. செவப்பு மட்டும்."

சிவப்புக் கம்பி அறுந்தது. வண்டியின் விளக்கு அணைந்தது. இருவரும் மூச்சு விடுவதற்குள் கம்பியின் இரண்டு முனைகளிலும் வெள்ளியாக ஒரு சொட்டு அரும்பி, ஒன்றையொன்று தொட்டு, சேர்ந்துகொண்டது. விளக்கு மறுபடி எரிந்தது. ஆறீயம் கம்பி இழைகளுக்குள்ளும் ஏறியிருக்கிறது! அதற்குள் பேட்டரி சீறத் தொடங்கி, இனிப்பான ஒரு வாடை வந்தது.

"எல்லாரும் தள்ளிப் போங்க!" என்று கத்திக்கொண்டே இயக்கியை எடுத்தாள். இணைப்பு விடாததால் வண்டி இன்னும் அவள் பேச்சைக் கேட்டது. அந்த ஒன்றுதான் வழி. புகையைக் கக்கிக்கொண்டு வண்டி சரிவுப் பாதையில் ஏறியது. அவள் பின்னால் ஓடினாள். திருப்பத்தில் சுவரில் உரசி ஒரு கணம் நின்றபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் எடுத்து, ஒடித்து, மறுபடி ஏற்றி, முற்றத்தைத் தாண்டி மணல் குவியலில் கொண்டுபோய் மோதினாள். அங்கேதான் அது பற்றிக்கொண்டு எரிந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் நிற்க நேரமில்லை. "எல்லாரும் உங்க வண்டியைக் கழட்டிப் பாருங்க!" என்றாள். ஒன்றுகூடக் கழலவில்லை. எல்லா வண்டிகளும் வரிசையாகச் சரிவில் ஏறி வெளியே வந்தன. மாடங்களில் கூடியிருந்தவர்கள் ஏதோ ஊர்வலம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அடுக்ககச் செயலர் பெஞ்சமின் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "உங்க கைக்கு ஈடில்லீங்க யாழிசை. போன வருசம் நீங்க வந்து மின்கலக் கூடத்துல ஆறீயம் வெச்சுக் குடுத்தீங்களே, அன்னையில இருந்து ஒரு நாள் கரண்டு போகலீங்க."

யாழிசை அவரையே பார்த்தாள். "அதை எப்பவாவது கழட்டுனீங்களா?"

"நல்லா ஓடறதை எதுக்குங்க கழட்டோணும்? நாலு நாளா ரெண்டு மூணு பேட்டரி அடுக்கு கொஞ்சம் உப்புன மாதிரி இருக்கு. நாளைக்கு ஆள் வந்து கழட்டி மாத்தீர்றேன்னுட்டாங்க. இப்பக்கூட உள்ள போய்ப் பாத்தேன், ஒரே சூடு. என்னமோ இனிப்பா ஒரு வாடை வேற."

நூற்றுக்கணக்கான இணைப்பிகள். ஒவ்வொன்றையும் அதன் ஜோடியில் மாட்டிவைத்து, தன் கையாலேயே பொறுமையாக ஆறீயம் வைத்திருந்தாள். இந்த வண்டிகளைப் போல ஓட்டி வெளியே கொண்டுவர, அந்தக் கூடத்துக்குச் சக்கரம் இல்லை.

"பூவிழி! பாப்பாவைத் தூக்கிட்டுக் கீழ வா! எல்லாரும் கீழ வாங்க!"

கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் மாடியில் பூவிழி குழந்தையைத் தூக்கி, அதன் சின்னக் கையைப் பிடித்து, அம்மாவுக்கு ஆட்டிக் காட்டினாள். யாழிசை படிக்கட்டை நோக்கி ஓடினாள்.