வார்த்த காசும் சாய்ந்த பல்லும்

மழைக்கு ஒதுங்குகிறவர்கள் வாசலோடு நின்றுகொள்வார்கள். அவள் விறுவிறுவென்று கடைக்குள்ளேயே போய்விட்டாள். முகத்தில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால்... எதிரே ஒரு கண். ஒற்றைக் கண், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு.

பாவம், அரண்டுதான் போனாள். அது பழங்காசு விற்கும் கடை; ஒரு காசைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பூதக்கண்ணாடியை இறக்க மறந்து அப்படியே ஏறிட்டுவிட்டான், அவ்வளவுதான். எப்போதும் அந்தக் கண்ணாடியும் கையுமாக இருப்பதால் எங்கள் தெருவில் அவனுக்கு 'லென்சு' என்றே பெயர். அவளுக்கு வேலை அதே கட்டடத்தின் மாடியில், பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில், ஆகவே 'பல்லுக்காரி'. மாடிக்குப் படி பின்பக்கம், லென்சின் வாழ்க்கை முழுக்க முன்பக்கம். இரண்டு வருஷமாக ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லையாம். நம்பித்தான் ஆக வேண்டும்.

கண்ணாடியை இறக்கினான். இறக்கிய பிறகும் கண் அதே அகலத்தில்தான் இருந்தது. அவள் இமை நுனியில் இரண்டு துளிகள்... விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

ஒரு பெண்ணைப் பார்த்துத் தடுமாறுகிறவன் என்ன செய்வான்? தனக்குத் தெரிந்ததைக் கடைபரப்புவான். கண்ணாடிப் பெட்டியில் தனி மெத்தையில் வைத்திருந்த செப்புக்காசை எடுத்தான். ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், மறுபக்கம் மங்கிய எழுத்து. காந்தத்தில் ஒட்டாது, எடை சரி, விட்டம் சரி, வயதாக ஆகச் செம்பு இப்படித்தான் பழுப்பேறும், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பே போய்விடும்... மூச்சு விடாமல் சொன்னான். அவன் அப்பா தன் கண்ணை நம்பி வாங்கியது அது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், தன் சேகரிப்புத் தட்டில் காலியாக இருக்கும் ஒரே குழிக்கு அதைக் கேட்டு இரண்டு வருஷமாக நடக்கிறார். அப்பா ஒருவழியாக மனம் இரங்கி, வரும் சனிக்கிழமை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று திங்கள்.

முகப்பைத் தொடாதீர்கள், விளிம்பைப் பிடியுங்கள் என்று அவன் சொல்வதற்குள் அவள் விளிம்பைத்தான் பிடித்திருந்தாள். கட்டைவிரல் நகத்தை விளிம்போடு மெல்ல ஓட்டினாள். ஓரிடத்தில் நகம் தடுக்கியது.

"இது அச்சுல அடிச்ச காசு இல்லைங்க... உருக்கி வார்த்தது," என்றாள்.

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். காலம் கடந்துவிட்டது. லென்சின் காதுமடல் சிவந்துவிட்டது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டான். சொன்னாள்.

"அப்போ பல்லைப் பாருங்க. காசை நாங்க பார்த்துக்குறோம்."

காசை மெத்தையில் வைத்தாள். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. குடையில்லாமல், திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடந்தாள்... கூப்பிட வாயெடுத்தவனுக்குக் கூப்பிடப் பெயர் தெரியவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்த விளிம்பைத்தான் பார்த்தான். நகம் தடுக்கிய இடத்தில் அரம் ஓடிய கீறல்கள். எழுத்துகளுக்கு நடுவே ஊசிமுனைக் குழிகள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஒற்றினான். காலம் ஏற்றிய பழுப்பு அதற்கெல்லாம் அசைந்து கொடுக்காது. பஞ்சு டீக்கலரில் வந்தது.

அப்பாவிடம் காட்டினான். அழுக்கு வந்திருக்கும் என்றார். மாடியில் பல் செய்கிற பெண் சொன்னாளாம், இவர் கேட்டுக்கொண்டாராம் என்று அன்று முழுக்கச் சுவரிடம் புலம்பினார். சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் காசை வாங்கிப்போனால் அவருக்கு ஆயுசுக்கும் தெரியப்போவதில்லை. லென்சுக்குத் தெரியும்... அதுதான் தொல்லை. அப்பாவைத் தலைகுனிய வைப்பதா, தன்னை நம்பி வரும் மனிதரை ஏமாற்றுவதா? சோறு இறங்கவில்லை பையனுக்கு.

அவள் ஒருத்தியால்தான் அப்பாவுக்குப் புரியவைக்க முடியும். ஆனால் எந்த முகத்தோடு போவது? வெள்ளிக்கிழமைதான் துணிந்து மாடிக் கதவைத் தட்டினான்.

சின்னச் சுடருக்கு முன்னால் உட்கார்ந்து மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்டான். பஞ்சைக் காட்டினான். நீங்கள் சொன்னதுதான் சரி என்றான். ஒருமுறை போதாதென்று மூன்று முறை.

"நனைஞ்சு போய் மூணு நாளா தும்மல் எனக்கு."

"கேட்டுச்சு."

"எப்படிங்க கேட்கும்?"

"தினம் பாதிப்படி வரைக்கும் வந்தேன்... தும்மல் கேட்டதும் இறங்கிட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று உதடு பிடிவாதமாக இருந்தது. கண்கள் அந்தக் கட்சியில் சேரவில்லை.

தனக்கே தெரியாதது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டான்.

"போலி செய்யிறதுதானே என் பொழப்பு," என்றாள். "மெழுகுல செஞ்சு, அச்செடுத்து, உலோகத்தை உருக்கி ஊத்துவோம். ஊத்துன இடத்துல துருத்தி நிக்கிறதை அரம் போட்டுத் தேய்ப்போம். உள்ள காத்து மாட்டுனா குழி விழும். தினம் பார்க்கிறதுதான்."

அன்று சாயங்காலம் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. போலியைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா என்று கேட்டார்; கேட்ட வேகத்தில் வாய் தாராளமாகத் திறந்தது. அவள் சற்றே குனிந்து பார்த்தாள். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று லென்சை உள்ளே அனுப்பிவிட்டு, அவர் காதருகே சொன்னாள்:

"சார், மேல்வரிசையில அந்த நாலாவது பல்லு... அதைக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சது நான்தான். எல்லாம் நேரா இருந்தா போலின்னு தெரிஞ்சிடும்."

அந்தப் பல்வரிசை சொந்தமானது என்று தெரு நம்புவதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். (தெரு நம்பவில்லை. அது வேறு விஷயம்.) பெற்ற பிள்ளையிடம்கூட மூச்சு விட்டதில்லை. இந்தப் பெண் நினைத்திருந்தால் அவன் எதிரிலேயே போட்டு உடைத்திருக்கலாம்... உடைக்கவில்லை. மெதுவாகக் காசை எடுத்துத் தன் நகத்தை விளிம்போடு ஓட்டினார். தடுக்கியது.

"இது யாருக்கும் தெரியாதுல்ல, ஏம்மா?"

"பல்லைக் கேட்கிறீங்களா, காசையா சார்?"

"ரெண்டையும்தான்."

"பல்லு நமக்குள்ள இருக்கட்டும். காசை வாத்தியார்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

லென்சு தண்ணீரோடு வந்தான். அதை அப்பா வாங்கிக் குடித்தார்.

சனிக்கிழமை வாத்தியார் தட்டோடு வந்துவிட்டார். அப்பா எழுந்து நின்று, நான் ஏமாந்துவிட்டேன், உங்களை ஏமாற்றமாட்டேன் என்றார். வாத்தியார் அந்தக் காலிக் குழியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட வாங்கின மத்த முப்பத்தொன்பதையும் இனிமே நான் சந்தேகப்பட வேண்டியதில்லை. ரொம்ப நன்றிங்க."

அந்தத் திங்கட்கிழமை மழை மட்டும் பத்து நிமிஷம் தள்ளிப் பெய்திருந்தால் என் பெயர் என்னவாகியிருக்கும் என்று அப்பா இப்போதும் கேட்பவரிடமெல்லாம் சொல்கிறார். சனிக்கிழமை வாத்தியார் போனதும் காசைத் தாளில் சுற்றி, மேலே 'போலி' என்று எழுதினார். மகனைப் பார்க்காமலே பேசினார்.

"மாடிக்குப் போய் அந்தப் பொண்ணுக்கு நன்றி சொல்லிட்டு வா. அவசரமா வரணும்னு ஒண்ணும் இல்லை."

அவள் குழாயடியில் கைகழுவிக்கொண்டிருந்தாள். வாத்தியார் சொன்னதைச் சொன்னான். அவள் கண்கள் பளபளத்தன. அப்பா சார்பில் நன்றி என்றான். வாத்தியார் சார்பிலும் என்றான். அதற்குமேல் சொல்ல ஆள் கிடைக்காமல் நின்றான்.

"இன்னும் யாரு இருக்காங்க?" என்றாள்.

"நான் இருக்கேன்... எந்தக் காசையும் பார்த்ததும் நம்பமாட்டேன். திருப்பிப் பார்ப்பேன், நாலு நாள் வெச்சிருந்து பார்ப்பேன். எங்கேயாவது ஒரு சந்தேகம் வந்துடும். உங்க விஷயத்துல அஞ்சு நாளா பார்க்கிறேன்... வரவே இல்லை. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினாள்.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் செய்யிறதெல்லாம் போலிதான்," என்றாள் மெல்ல. "இதை மட்டும் நான் செய்யலைங்க... தானா வந்துடுச்சு."

ஈரக்கையைத் துடைக்கத் துணி தேடினாள். அவன் தன் கையை நீட்டினான்.