இறக்கிய வில்

முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு நாட்கள், பதினேழு மணி நேரம். மங்கையர்க்கரசி கடைசியாக வில்லைத் தொட்டு அவ்வளவு ஆகிறது. எண்ணிச் சொன்னது பதிவகம். நானூறு நாள் முடிந்தால் அவள் பெயர் ‘ஓய்ந்த கை’ப் பட்டியலுக்குப் போய்விடும் என்று காலையில் அறிவிப்பு வந்திருந்தது.

படித்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

நெய்வேலியில் எல்லாக் கடைகளிலும் டீ ஒரே உயரத்திலிருந்துதான் விழும். எங்கோ ஒரு மாஸ்டரின் தசைப்பதிவு அது. கடைக்காரர் தோளிலிருந்து விரல்நுனி வரை மெல்லிய கைத்துணை அணிந்திருந்தார். ஊரில் அதை ஸ்லீவ் என்றுதான் சொல்வார்கள். தேர்ந்த ஒருவரின் கை எப்படி அசைந்ததோ, அணிந்தவரின் கையையும் அது அப்படியே அசைக்கும். ஊசி போடும் நர்ஸுக்கும் பஸ் ஓட்டுபவருக்கும் தோசை வார்ப்பவருக்கும் யாரோ ஒருவரின் கை இருந்தது.

“இன்னைக்கு வெறுங்கையில விடப்போறியாமே?” என்றார் கடைக்காரர்.

“ஆமாண்ணே.”

“ஏம்மா வம்பு? உன் கையேதான் ஸ்லீவ்ல இருக்கு. எடுத்து மாட்டிக்கிட்டுப் போவியா! என்னைப் பாரு. ஸ்லீவ் இல்லாம நான் போட்ட டீயை என் வீட்டுக்காரியே குடிக்கமாட்டா.”

“ஒரு நாள் போட்டுக் குடுங்கண்ணே. நான் குடிக்கிறேன்.”

“உனக்குத் தைரியம் ஜாஸ்திதான்” என்றார் அவர்.

வெறுங்கையாக வேலை செய்ய உரிமம் வேண்டும். விபத்துகள் குறையட்டும் என்று கொண்டுவந்த விதி. நானூறு நாள் பழகாத கை நம்பத் தகாதது. பிறகு ஆயுளுக்கும் கைத்துணையோடுதான் தொடலாம். கத்தியானாலும் ஸ்டீயரிங்கானாலும் மூங்கில் வில்லானாலும் அதே விதி. மங்கைக்கு இன்று ஒரு தேர்வு மட்டும் மிச்சம். ஆறு அம்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். அறுபதுக்கு முப்பத்தாறு எடுக்க வேண்டும்.

எய்களம், மூடிய சுரங்கத்தின் மேல்படியில் இருந்தது. கீழே பள்ளம் முழுக்கத் தண்ணீர். பதினொரு மாவட்டத்து வில்லாளிகள் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். எல்லோருடைய வலக்கையிலும் மங்கையின் கை. பதிவு எடுத்த நாளில் அவள் அறுபது அம்பு விட்டாள், அறுபதும் பத்து. பதினோராயிரம் பேர் அந்தப் பதிவை அணிகிறார்கள். அன்று வைத்த வில்லை அவள் மறுபடி எடுக்கவில்லை. தோள்வலி என்று சொல்லியிருந்தாள்.

“வாங்கக்கா” என்றாள் ரிஸ்வானா. பத்தொன்பது வயது, மாநிலச் சாம்பியன். “ஒரு வருஷமா உங்க கைக்குச் சோறு போட்டு வளர்த்தது நானு. இப்ப வந்து சொந்தம் கொண்டாடுறீங்க.”

“நல்லா வளர்த்திருக்கே. என்னைவிடக் குண்டா இருக்கு.”

“தோள் சரியாயிடுச்சா?”

மங்கை நாணேற்றினாள். மூன்று மாதமாக வீட்டில் சைக்கிள் ட்யூபை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்திருந்தாள். இழுப்பது, நிற்பது, மெதுவாகத் திரும்பக் கொண்டுவருவது. அவ்வளவுதான். வேறெதையும் பழகவில்லை.

களத்தலைவர் ஜோதிலிங்கம் அருகில் வந்தார். பதிவை எடுத்ததும் அவர்தான். “மங்கை, அடம் பிடிக்காதே. ஸ்லீவைப் போட்டுக்கோ. உன் கை உனக்கே திரும்பக் கிடைக்குது. இதுல என்ன கௌரவக் குறைச்சல்?”

“வேணாம் சார்.”

“தோத்தா அப்புறம் வெறுங்கையே கிடையாது. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

முதல் அம்பு. இழுத்தாள். விரல் வாயோரத்தைத் தொட்டது. அம்பு நுனி இலக்கின் கறுப்பு வளையத்தைத் தாண்டி, நீலத்தைத் தாண்டி, சிவப்புக்கு ஏறியது. நடுவிலிருந்த மஞ்சளுக்கு ஒரு விரற்கடை கீழே நிறுத்தினாள். வில்லை இறக்கினாள். அம்பு நாணிலேயே இருந்தது. மறுபடி இழுத்தாள், மறுபடி இறக்கினாள். ஒரு நிமிட மணி அடித்தது. பூஜ்யம்.

“மாட்டிக்கிச்சாக்கா?” என்றாள் ரிஸ்வானா.

“இல்ல. இறக்கினேன்.”

“அப்படின்னா?”

ஜோதிலிங்கம் சொன்னார்: “இழுத்த வில்லை விடாம திரும்பக் கொண்டுவர்றது. பழைய ஆளுங்க செய்வாங்க. பதிவுல கிடையாது. விடாத அம்பைச் சேர்த்து என்ன பண்றது?”

இரண்டாவது அம்பு மஞ்சளைத் தொட்டதும் போய்விட்டது. நட்டநடுவில் பத்து. கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். மங்கையின் முகம் வெளுத்திருந்தது.

“சார், இதைச் சேர்க்காதீங்க.”

“என்னது?”

“நான் விடல.”

அவர் சிரித்தார். “வேற யாரு விட்டது? அடுத்ததைப் பாரு.”

மூன்றாவது அம்பை மஞ்சளுக்கு நேராக நிறுத்தினாள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. விரல்கள் திறந்துகொள்ளத் துடித்தன. மனதுக்குள் மூன்று எண்ணினாள். எண்ணி முடித்த பிறகு விட்டாள். ஆறு.

யாரும் கைதட்டவில்லை. அவள் மட்டும் அந்த ஆறை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது ஐந்து. பிறகு எட்டு. கடைசி அம்புக்கு மூன்று தடவை இறக்கி, நான்காவதில் விட்டாள். ஏழு.

ஜோதிலிங்கம் மதிப்பெண் திரையைப் பார்த்து மூச்சு விட்டார். “முப்பத்தாறு! மயிரிழையில தப்பிச்சே. வா, வந்து உரிமத்துக்கு விரல் ரேகை வை.”

“பத்தை எடுத்துட்டா இருபத்தாறு சார்.”

“பைத்தியமா உனக்கு? யாரு எடுக்கச் சொன்னா?”

“நான்தான் சொல்றேன். அது என்னுது இல்ல.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மங்கை ரிஸ்வானாவிடம் போனாள்.

“வில்லை எடு. மஞ்சளுக்கு நேரா வை. ஆனா விடாதே.”

“இவ்ளோதானா?” ரிஸ்வானா இழுத்தாள். நுனி மஞ்சளைத் தொட்டது. அம்பு போய்விட்டது. பத்து. “ஐயோ, பழக்க தோஷம்” என்று சிரித்து இன்னொன்றை எடுத்தாள். அதுவும் பத்து.

மூன்றாவது முறை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இடக்கையால் தடுத்துப் பார்த்ததில் வில்லே ஆடியது. அம்பு போய்விட்டது. பத்து.

“நிக்கமாட்டேங்குதுக்கா” என்றாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு பையன் இலக்கருகே அம்பு பிடுங்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

“ஸ்லீவ்ல ஏதோ கோளாறு” என்றார் ஜோதிலிங்கம். “இறக்கினதையெல்லாம் பதிவுலேர்ந்து வெட்டினோமில்ல, அதனால இருக்கும். பழைய கோப்பை எடுத்துச் சேர்த்துட்டா சரியாயிடும்.”

“வெட்டுறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல சார். போய்ப் பாருங்க.”

“மங்கை, யோசிச்சுப் பேசு. ஸ்கோர் சொல்ற மைக் ஆன்ல இருக்கு.”

“இருக்கட்டும்.” அவள் மைக்குக்கு இன்னும் ஒரு அடி நெருங்கினாள். “எனக்குத் தோள்வலியே வந்ததில்ல. பயம். மஞ்சளைப் பாத்தாலே விரல் தானா விட்டுடும், என்னால நிறுத்த முடியாது. பதிவு எடுத்த அன்னைக்கு அந்த அறுபது அம்புல ஒண்ணைக்கூட நான் விடல.”