ரெண்டாவது முட்டு

டொக்!

பெரியார் பஸ் நிலையத்திலிருந்து வில்லாபுரம் போகிற பஸ், பழங்காநத்தம் வளைவில் போட்ட பிரேக்கில் பாண்டியம்மாளின் நெற்றி ஓர் இளைஞனின் நெற்றியில் மோதியது. வெளியே கொட்டுகிற மழை... உள்ளே கால் வைக்க இடமில்லை.

"ஆத்தாடி!" என்று தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தாள். அகன்ற நெற்றி... ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி நின்ற இரண்டு பெரிய கண்கள்... இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது.

"இன்னொரு தடவ முட்டிருங்க... இல்லாட்டி கொம்பு முளைச்சிரும்!"

விளையாட்டாகத் தலையை நீட்டினாள். அவனோ இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு பதறி விலகினான். முகம் வெளுத்துப்போயிற்று.

"பொண்ணப் பாத்து மாப்ள மிரளுறாருப்பா!" என்று யாரோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பாண்டியம்மாளுக்கு மானம் போயிற்று. பெரிய இவரு... நான் என்ன பேயா பிசாசா?

மறுநாள் அதே பஸ். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொம்பு வந்திருச்சாங்க?" என்றான் அவன், மெதுவாக.

"வரட்டும்... மொதக் குத்து உங்களுக்குத்தான்!"

அப்படித்தான் ஆரம்பித்தது. அவன் பெயர் முத்திருளன், கரண்டு ஆபீஸில் கிளார்க். அவள் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். கார்த்திகை முடிவதற்குள், அவன் வராத பஸ்ஸில் ஏற அவளுக்கு மனசு வரவில்லை. பாவி மனசு!

ஒரு மழைச் சாயங்காலம், பஸ் நிலையத்தை ஒட்டிய பூட்டிய கடையின் தாழ்வாரத்தில் இருவரும் ஒதுங்கினார்கள். இதுதான் சமயம் என்று அவள் கேட்டேவிட்டாள்.

"வெள்ளிக்கெழம என்னயப் பொண்ணு பாக்க வாராக. அதுக்கு முன்னாடி நீங்க எங்கப்பாகிட்ட வந்து பேசுவீகளா?"

அவன் மழையையே பார்த்தான். "முடியாதுங்க."

"ஏன், நான் அம்புட்டு அசிங்கமாவா இருக்கேன்? அன்னைக்கும் இப்படித்தான் ஒதுங்குனீக!"

அவன் தலையைக் குனிந்தான். "உச்சியத் தொட்டுப் பாருங்க... மெதுவா."

தொட்டாள். ஈர முடிக்குக் கீழே எலும்பில்லை. பச்சைப்பிள்ளையின் உச்சிக்குழி மாதிரி மெத்தென்று இருந்தது. விரலுக்கடியில் அது துடித்தது...

சுரீரென்று கையை இழுத்துக்கொண்டாள். அவள் இழுக்கவில்லை, கை தானாக வந்துவிட்டது. அதை அவனும் பார்த்துவிட்டான்.

"அம்மா, அக்கா, நான்... மூணு பேருக்கும் இது மூடவே இல்ல. டாக்டர் ரத்தத்த மெட்ராசுக்கு அனுப்பிப் பாத்தாரு. குரோமோசோம்ல ஒரு துண்டு இல்லாமயே பொறந்திருக்கோமாம். எனக்குப் பொறக்குற பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வரும்னாரு."

"அக்காவுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"மறைச்சுத்தான் கட்டிக் குடுத்தோம். தாலி கட்டுனதும் மாப்ள வீட்டுப் பொம்பளைக விளையாட்டுக்கு ரெண்டு தலையையும் பிடிச்சு முட்டவச்சாக. அக்கா மயங்கி விழுந்திருச்சு. தூக்குனவுக கையில உச்சி தட்டுப்பட்டுச்சு. அன்னைக்கே மாலையோட திருப்பி அனுப்பிட்டாக."

பாண்டியம்மாள் தன் கையைப் பார்த்தாள். அந்தப் பொம்பளைகளின் கைக்கும் இந்தக் கைக்கும் என்ன வித்தியாசம்? சே!

"உங்களுக்காகத்தான் தெனமும் அந்த பஸ்ல வந்தேன்," என்றான் முத்திருளன். "உங்ககிட்ட மறைக்க மனசு வரல."

வில்லாபுரம் பஸ் வந்து நின்றது. 'பரவாயில்ல, வாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறக்காத பிள்ளையின் தலை ஒன்று அவள் கண்முன் வந்து நின்றது... வார்த்தை வரவில்லை. பொய் சொல்லவும் அவளுக்குத் தெரியாது.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு..." என்றாள் அழுதுகொண்டே. அவன் காத்திருந்தான். "ஆனா... பயமா இருக்குங்க."

"எனக்கும் அந்த ரெண்டுந்தாங்க," என்றான் அவன்.

கண்டக்டர் விசில் அடித்தார். அவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, படியில் தலை இடிக்காமல் குனிந்து ஏறினான். அவள் ஏறவில்லை.