பின்னறைச் சுவரைத் தொடாதே!

டெலிபோன் அலறியது.

அக்கா பாய்ந்து எடுத்தாள். அந்தச் சின்ன டவுனில் பாதிப் பேருக்கு அவள் அக்காதான். கடைத்தெரு முனையில், பழைய செங்கல் வீட்டில் தனியாக இருப்பவள்.

"பழங்கட்டடப் பாதுகாப்பு ஆபீஸ்லேர்ந்து பேசறேம்மா. உங்க வீட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமா அறிவிச்சாச்சு!"

"அப்போ... ரோடு போடறதுக்கு இடிக்க மாட்டாங்களா?"

"இடிக்கறதா! எங்களைக் கேக்காம இனிமே ஒரு செங்கல்லைக்கூட யாரும் அசைக்க முடியாது!"

ரிசீவரை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். வயிற்றில் கட்டியிருந்த நெருப்பு அணைந்த சந்தோஷம்.

பின்னே?

பின்னறைச் சுவருக்குள் அவள் புருஷன் அல்லவா இருக்கிறார்!

குடித்துவிட்டு வந்து நாள் தவறாமல் அடிக்கிற புருஷன். வருஷங்களுக்கு முன் ஒரு நாள் அக்கா இஸ்திரிப் பெட்டியால் திருப்பி அடித்தாள்.

ஒரே அடி. விழுந்தவர் எழவில்லை...

போன் செய்ததும் தம்பி ஓடி வந்தான். கட்டட மேஸ்திரி. "நீ சித்தி வீட்டுக்குப் போக்கா. மாமாவை நான் பாத்துக்கறேன்" என்றான். அவள் திரும்பி வந்தபோது பின்னறையில் புதுச் சுவர் நின்றது. அதன் பிறகு அந்த அறையில் அவள் விளக்குப் போட்டதில்லை.

அதே வாரம் தம்பியின் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி சொன்னது அப்படித்தான். ஊரோ, காணாமல் போன அக்கா புருஷனையும் அவளையும் சேர்த்து, "ரெண்டும் ஜோடியா ஓடிப்போச்சு!" என்று கண் காது மூக்கு வைத்துப் பேசியது. அக்கா மறுக்கவில்லை. ஊர் வாய் அவளுக்கு உபகாரம் செய்துகொண்டிருந்தது!

இப்போது ரோட்டை அகலப்படுத்த வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் யோசனை சொன்னவனும் தம்பிதான்.

"இந்த வீட்டுக்குப் பெரிய சரித்திரம் இருக்குன்னு காட்டிட்டா ஒருத்தனும் கை வைக்க மாட்டான்க்கா!"

சரித்திரத்துக்கா பஞ்சம்? மர வியாபாரி கட்டிய வீடு. காய்ச்சல் பரவிய காலத்தில் ஆஸ்பத்திரி. அப்புறம் கோர்ட். ஜட்ஜ் உட்கார்ந்திருக்கும் பழைய போட்டோ ஒன்றைத் துடைத்து எடுத்து மனுவோடு அனுப்பினார்கள்.

அந்த போட்டோதான் வினை!

மறுநாள் காலை, கண்ணாடி போட்ட பெண் அதிகாரி கடப்பாரை ஆட்களோடு வந்து இறங்கினாள். நேராகப் பின்னறைக்குப் போனாள்.

"ஜட்ஜுக்குப் பின்னாடி அழகா ஒரு வளைவு தெரியுதே... அது எங்கம்மா? சுவர் வச்சு அடைச்சிருக்கீங்க!"

"அது... அது எங்கப்பா காலத்துச் சுவருங்க."

"சிமென்ட் பூச்சும்மா இது! மத்த சுவரெல்லாம் சுண்ணாம்பு. பின்னாடி சேத்ததை எடுத்துட்டுப் பழைய வடிவத்துக்குக் கொண்டு வரணும். அதுக்குத்தான் வந்திருக்கோம்."



காப்பாற்றும் என்று நம்பிய சட்டமே கடப்பாரையோடு வந்து நிற்கிறது!

"மேடம், பாரம் தாங்கற சுவர் அது!" தம்பி குறுக்கே பாய்ந்தான். "எடுத்தா கூரை உக்காந்துடும்!"

"வளைவு தாங்கும். அந்தக் காலத்துலேர்ந்து தாங்கிக்கிட்டுதான் இருக்கு. தள்ளுங்க!"

"தம்பி, நான் ஜெயிலுக்குத்தான் போகப் போறேன்..." அக்கா கிசுகிசுத்தாள்.

"வாயைத் திறக்காத!"

அவளைவிட அவனுக்குத்தான் அதிகமாக வேர்த்தது.

ணங்!

ஒரு செங்கல் விழுந்தது. இன்னொன்று... உள்ளே இருட்டு. குப்பென்று அடைபட்ட காற்றின் நாற்றம்.

டார்ச் அடித்தவன் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான்.

"மேடம்... எலும்புக்கூடு!"

அக்கா எட்டிப் பார்த்தாள்.

கால் எலும்பில் வெள்ளிக் கொலுசு!

"ஐயோ! இது அவர் இல்ல!"

அதிகாரி மெல்லத் திரும்பினாள்.

"எவர் இல்ல?"

வார்த்தை வாயைத் தாண்டிவிட்டது. ஆனால் அக்கா இப்போது தம்பியை மட்டுமே பார்த்தாள்.

"டேய்... இது உன் பொண்டாட்டி கொலுசுடா!"

தம்பி வாசலுக்கு ஓடினான். கடப்பாரை ஆட்கள் அமுக்கிப் பிடித்தார்கள். எதிர்ச் சாரியிலிருந்த போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து சேர்வதற்குள் அவன் உடைந்துபோயிருந்தான்.

"மாமா சாகலக்கா... நான் கலவை குழைக்கறப்போ முனகினாரு. தலையில கட்டுப் போட்டு பஸ் ஏத்தி விட்டேன். வீட்டுக்குப் போனா அவளோட சண்டை. கோவத்துல கழுத்தைப் பிடிச்சுட்டேன். இங்க செங்கல் எல்லாம் இறக்கி வச்சிருந்துச்சு..."

தொழில்காரன். சரக்கு வீணாகக் கூடாதாம்!

"அடப்பாவி! இத்தனை வருஷமா உன் பாவத்துக்கா நான் காவல் காத்தேன்? தூங்காமச் செத்தேனேடா! ஏண்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா காவல் காத்திருப்பியாக்கா?"

அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறையக் கை ஓங்கியவளை இன்ஸ்பெக்டர் தடுத்தார்.

"அவரு இப்போ எங்கடா?" அக்கா கத்தினாள்.

"மலைக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கடை வச்சிருக்காரு. உயிரோட இருக்கறதை உன்கிட்ட மட்டும் சொல்லிடாதன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு."

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்தார்.

"நீங்களும் ஏறுங்கம்மா. செத்தவரு உயிரோட இருக்காரு, அதனால உங்க மேல கொலைக் கேஸ் இல்ல. மலைக்கு அந்தப் பக்கம் பெரிய போலீஸ் ஆபீஸ்ல வாக்குமூலம் மட்டும் கொடுத்துட்டு வந்துடலாம்."

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

"சார், போற வழியில அந்த சைக்கிள் கடைகிட்ட ஒரு நிமிஷம் நிறுத்துங்க... ஒரு வேலையைப் பாதியில விட்டுட்டேன்!"