வியப்புச் சோதனை

"நல்லாச் சோர்ந்து போயிருக்கீங்களே, நப்பின்னை!" என்று எதிர்வீட்டுக்காரி மனதாரப் பாராட்டினாள்.

"எங்கேக்கா... உங்க கண்ணு மாதிரி செத்துப் போகலையே" என்று நப்பின்னை முறைப்படி பதில் சொன்னாள். பனிச்சுரங்கத் தெருவில் காலை வணக்கம் அவ்வளவுதான். அதற்கு மேல் பேசினால் காற்றுச் செலவு.

சனிக்கிரகத்தின் பனிநிலவான என்செலாடஸின் அடியில் குடியிருந்த அத்தனை பேருக்கும் ஒரே ஒரு காற்றுலைதான். பனியைப் பிளந்து மூச்சுக்காற்று எடுத்துத் தரும் அந்த உலைக்கு வயதாகிவிட்டது. இரண்டாவது உலையை நப்பின்னையின் பாட்டன் காலத்திலிருந்து கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அது முடியும்வரை யாரும் ஓடக் கூடாது, பாடக் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. துள்ளும் இதயம் அடுத்தவர் மூச்சைத் திருடுகிறது என்பதுதான் பள்ளியில் முதல் பாடம். பிறந்த குழந்தையின் காறையெலும்புக்குக் கீழே எள்ளளவு தணிப்பி ஒன்றைப் பதித்துவிடுவார்கள். அது இதயத்துக்குக் கடிவாளம் போடும். உயிர்ப்பு மெல்ல அடங்கிப் போகும். நன்றாக அடங்கியவர்களைத்தான் அங்கே அழகர்கள் என்றார்கள்.

எப்போதாவது ஓர் உடல் தணிப்பியை ஏற்க மறுத்துவிடும். நப்பின்னையின் ஏழு வயது மகள் வஞ்சியின் உடல் அப்படிப்பட்டது. அவள் தினமும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்துத் தீர்த்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவாள்.

இன்று அவளுக்கு வியப்புச் சோதனை. ஏழு வயதுப் பிள்ளைகளைப் பார்வைக் கூடத்தில் உட்கார வைத்து, எஃகுக் கதவைத் திறந்து, அவர்கள் பிறந்ததிலிருந்து கண்டிராத வானத்தைக் காட்டுவார்கள். தணிப்பி பிடித்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. இதயம் எகிறினால் நெடுந்துயில் பேழை. இரண்டாவது உலை எரியத் தொடங்கும்வரை உறைந்த தூக்கம். அதற்குள் போன யாரும் இன்னும் எழுந்து வந்ததில்லை.

"கண்ண இறுக்கி மூடிக்கோன்னு சொல்லிட்டா?" என்றான் கணவன் சேந்தன்.

"இமையைக் கவனிக்கத் தனியா ஒரு எந்திரம் வெச்சிருக்காங்க."

"அப்ப என்னதான்டி பண்றது? எம்புள்ளய ஐஸ்கட்டி ஆக்கிடுவாங்களே!"

"மெதுவாப் பேசுங்க. உங்க மானி சிவக்குது."

அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த இதயமானியில் மின்னிய சிவப்பை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். நப்பின்னை தன் வேலைப் பையைத் திறந்தாள். மேற்சுவரில் விழும் விரிசல்களைப் படம் பிடிப்பது அவள் வேலை. அதற்காக வெளியே போகும் நாளெல்லாம் முதுகுப் பக்கம் வானம் பிரம்மாண்டமாக விரிந்து கிடக்கும். ஒருமுறை அதையும் படமெடுத்துப் பார்த்தாள். கை ஆடாமல், கட்டம் கோணாமல், வெளிச்சம் குறையாமல் எடுத்து முடித்தபோது அவள் மானி வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. அன்று அதைப் பழுது என்று நினைத்தாள்.

பையிலிருந்த பழைய படப்பெட்டியை எடுத்து மகளின் கையில் வைத்தாள்.

"கண்ணு, கதவு திறந்ததும் இது வழியாப் பாரு. எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்ள வரணும். கோணக் கூடாது. அதை மட்டும் யோசி."

"நல்லா எடுத்தா அப்பாவுக்குக் காட்டலாமா?"

"காட்டலாம்டி தங்கம்."

பார்வைக் கூடத்தில் மூச்சதிகாரி அருளாந்து வஞ்சியின் மார்பில் கம்பிகளை ஒட்டினார். சுவரில் ஒளித்தூண் பச்சையாக எரிந்தது. பாதிக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நப்பின்னை நின்றாள்.

"அது என்ன கையில?"

"படப்பெட்டி மாமா."

மாமா என்று அவரை யாரும் அழைத்ததில்லை போலும். ஒரு கணம் தடுமாறினார். "உனக்கு முன்னாடி வந்தவன் பொம்மை கொண்டாந்தான். நீ பெட்டியா? சரி, வெச்சுக்கோ."

கதவு திறந்தது.

பாதி வானத்தை அடைத்துக்கொண்டு சனி நின்றது. தேன் நிறம். அதன் நடுவே நூல் பிடித்தாற்போல் வளையம். தெற்கே பனி ஊற்றுகள் மலை உயரத்துக்குச் சீறி, வெள்ளித் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தன.

வஞ்சியின் வாய் பிளந்தது. ஒளித்தூண் விறுவிறுவென்று ஏறியது. மஞ்சளானது. கோட்டை நெருங்கியது. அருளாந்தின் விரல் பேழைப் பொத்தானைத் தேடிப் போனது. 'பெட்டி, பெட்டி, பெட்டிடி...' நப்பின்னையின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

ஏதோ ஞாபகம் வந்தவளாய் வஞ்சி பெட்டியைத் தூக்கினாள். ஒரு கண்ணை மூடினாள்.

"வளையம் வெட்டுப்படுது..." என்று முணுமுணுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். "இப்ப இருட்டா விழுது."

தூண் தயங்கியது. இறங்கத் தொடங்கியது. மஞ்சள் வெளுத்துப் பச்சையாகி, பச்சையும் தாழ்ந்து, கடைசியில் அடியில் ஒரு பொட்டாக நின்றது. அருளாந்து தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். அவருடைய மானியே அவளுடையதைவிட உயரத்தில் இருந்தது.

"இவ்வளவு அடங்கின பிள்ளைய நான் பார்த்ததே இல்ல" என்றார் பயபக்தியோடு. "தேறிட்டா."

நப்பின்னை விரைந்து போய் மகளைக் கட்டிக்கொண்டாள். கம்பிகளைக் கழற்றியாகிவிட்டது, கதவு மூட இன்னும் சற்று நேரம் இருந்தது.

"இப்ப பெட்டியக் கீழ வெச்சிட்டு ஒரு தடவை பாருடா. வெறுங்கண்ணால பாரு."

வஞ்சி நிமிரவில்லை. பெட்டியின் சின்னத் திரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அதான் எடுத்துட்டேனேம்மா."

அவளுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது.

அருளாந்து அந்தப் பெட்டியை மறக்கவில்லை. அடுத்த வருடத்துக்குள் தணிப்பி அறுவையே நின்றுபோனது. ஆளுக்கொரு பெட்டி வந்துவிட்டது. காற்றுச் செலவு பாதியாகக் குறைந்தது. பேழைகளைத் திறந்து தூங்கியவர்களையும் எழுப்பினார்கள். கண் விழித்தவர்கள் கையில் முதலில் பெட்டியைத்தான் கொடுத்தார்கள். வஞ்சியின் தலையணைக்கடியில் இப்போதெல்லாம் சிரிப்பு கேட்பதில்லை. நப்பின்னை தினமும் காது கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

வெற்றி விழாவன்று அருளாந்து ஆவணக் கிடங்கில் கிடைத்த பழைய பூமிப் பதிவுகளைப் பெருந்திரையில் ஓடவிட்டார். தாலி கட்டும் நேரத்தில் மணமக்களைச் சுற்றி நூறு கைகள், நூறு பெட்டிகள். ஆடி அசைந்து தேர் வர, தெரு முழுக்கத் தலைக்குமேல் பெட்டிகள். கடலிலிருந்து சூரியன் எழ, அதற்கு முதுகைக் காட்டி நின்று தங்களையே படமெடுத்துக்கொள்ளும் ஒரு கூட்டம்.

கூடத்திலிருந்த அத்தனை பேரும் பெட்டியை உயர்த்தி அதைப் படம் பிடித்தார்கள். வஞ்சியும்தான்.

அருளாந்து வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சதிகாரியின் கண்கள் லேசாகக் கலங்கின.

"பாவம் நம்ம முன்னோர்கள்" என்றார். "பூமியில காத்துக்கு அவ்வளவு பஞ்சமா இருந்திருக்கு!"