காது முளைத்த வால்வு

குகனேஸ்வரன் தொண்டையைச் செருமினார். சற்றுப் பொறுத்து, மேசைமேல் இருந்த ஆம்ப்ளிஃபையரும் செருமியது.

கிட்டார் எதுவும் அதில் செருகப்படவில்லை. பின்பலகையைக் கழற்றி வைத்திருந்ததால் உள்ளே வரிசையாக நின்ற கண்ணாடி வால்வுகள் மட்டும் அணையப்போகும் அடுப்புக் கங்குபோல மங்கிச் சிவந்திருந்தன. சூடேறிய தூசியின் வாசனையும், பெட்டிக்குள் எப்போதோ ஊறிப்போன சுருட்டு வாசனையும், ஜன்னல் இடுக்கு வழியாக வந்த பச்சைத் தேயிலை வாசனையும் ஒன்றாகக் கலந்து அறையில் நின்றன. வெளியே சாயங்கால மூட்டம் லயத்துக் கூரைவரை இறங்கிவிட்டது.

அவர் பயப்படவில்லை. பழைய ஆம்ப்ளிஃபையர்களை வாங்கிப் பழுதுபார்த்து விற்பதுதான் அவர் தொழில். வால்வு பழசாகி உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் தளர்ந்துபோனால், பக்கத்தில் தட்டினாலும் பேசினாலும் அதுவே மைக்போல வாங்கி ஸ்பீக்கரில் கக்கிவிடும். ‘காது முளைச்சிருச்சு’ என்பார் குகன். வாங்குகிற சாமானில் காது முளைத்திருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைப்பார். விற்கிற சாமானில் முளைத்திருந்தால், பழைய வால்வுக்கே உள்ள உயிர்ப்பு என்று சொல்லி ஏற்றுவார்.

ஆனால் காது முளைத்த வால்வு, கேட்டதை உடனே சொல்லிவிடும். யோசித்துச் சொல்லாது.

ரிங்லெட் டவுனுக்கு மேலே, அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இப்போது குடியிருப்பவர் அவர் ஒருவர்தான். மற்ற வீட்டுக்காரர்கள் டவுனுக்கு இறங்கிவிட்டார்கள். காலி வீடுகளில் கதவுகள் காற்றுக்கு அடித்துக்கொள்ளும்போது, பக்கத்து வீட்டில் யாரோ வேலை முடிந்து வந்துவிட்டதாக இன்னமும் அவர் தலை திரும்பும். மனைவி யுவனேஸ்வரி போன வருஷம் ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். “நீ முன்னால போ, நான் வரேன்” என்று அனுப்பிவைத்தார். குகன் கடையில் எந்தச் சரக்கு தீர்ந்தாலும், ‘வரேன்’ என்ற சொல் மட்டும் எப்போதும் கையிருப்பில் இருந்தது.

மத்தியானம் அவள் ஃபோன் செய்திருந்தாள்.

“என்னங்க, மாப்பிள்ள காடி எடுத்துட்டு வராரு, நானும் வரேன். சாயங்காலம் கீழ முச்சந்தில நிப்போம். மேல வர மாட்டோம், பாதையெல்லாம் சேறு. பையத் தூக்கிட்டு இறங்கி வாங்க.”

“வரேன்லா.”

“இந்த வரேன்லாவக் கேட்டுக் கேட்டு என் காது தேஞ்சு போச்சு. இன்னிக்கு நீங்க வரலன்னா, இனிமே நான் கூப்பிட மாட்டேன். சாமி சத்தியமா.”

அவள் லேசில் சத்தியம் செய்கிற ஆள் இல்லை. அவரும் இந்தத் தடவை பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். காலி வீட்டுக் கதவுகளோடு பேசிப் பேசி அலுத்துவிட்டது. இந்த ஒரு பெட்டியை மட்டும் சரிபார்த்துவிட்டால், போகிற வழியில் ரிங்லெட் சர்ச்சுக்காரர்களிடம் கொடுத்துவிடலாம்.

பெட்டி சிங்காரத்துடையது. வாயில் சுருட்டோடு கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்தவர். கம்போங் ராஜா ஊரில் தனியாகக் கிடந்து செத்தவர். வேறு வியாபாரி முந்திக்கொள்வானோ என்ற பயத்தில், காரியம் முடிவதற்கு முன்பே குகன் போய் நின்றார்.

“வால்வெல்லாம் செத்துப் போச்சு, தங்கச்சி” என்று பேரத்தை ஆரம்பித்தார், சாவு வீடு என்பது மறந்து.

சிங்காரத்தின் தங்கை குமுதா அவரை ஒரு பார்வை பார்த்தாள். “செத்தது எங்களுக்கும் தெரியும்ண்ணே. எடுத்துட்டுப் போங்க. பொண்டாட்டியா, புள்ளையா, கடைசிவரைக்கும் எங்கண்ணன் இதுகிட்டதான் பேசிக்கிட்டுக் கிடந்தாரு.”

பெட்டியை வாடகை வேனில் ஏற்றிவிட்டு, பழக்க தோஷத்தில் வாசலைப் பார்த்துச் சொன்னார்: “சரி, அப்ப போயிட்டு வரேன்.”

சாவு வீட்டில் சொல்லக் கூடாத சொல். அங்கே யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அங்கிருந்து எதுவும் திரும்பி வரக் கூடாது, அங்கே திரும்பிப் போகவும் கூடாது. குமுதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் மட்டும், “சரி, வாங்க” என்றது. யாரோ சொந்தக்காரர் என்று நினைத்து வண்டியைக் கிளப்பினார்.

இப்போதுதான் உறைத்தது. குமுதா அந்த நேரத்தில் கதவைப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

குகன் தலையை உதறிக்கொண்டு தட்டிப் பார்க்கும் சாப்ஸ்டிக் குச்சியை எடுத்தார். ஒவ்வொரு வால்வாகத் தட்டினார். பெரிய வால்வுகள் டொக்கென்று அடங்கின. கிட்டார் செருகும் ஓட்டைக்கு அடுத்திருந்த முதல் சின்ன வால்வு மட்டும், தட்டியதும் கணீரென்று கூவி, அடங்க மனமில்லாமல் இழுத்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அதிகம் கேட்கும். அது வாங்கியதைத்தான் மற்றவை பெரிதாக்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. முதல் வால்வையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போடு. கோளாறு வால்வோடு போனால் வால்வில் குற்றம். இருந்த இடத்திலேயே இருந்தால் பெட்டியில் குற்றம். அணைத்து, ஆறவிட்டு, துணியால் பிடித்துப் பிடுங்கி மாற்றினார். மறுபடி சுவிட்சைப் போட்டார். வால்வு சூடேற வேண்டும்; சூடேறினால்தான் பேசும். காத்திருந்தார்.

“ஹலோ” என்றார்.

“ஹலோ” என்றது பெட்டி. இந்தத் தடவை தாமதமே இல்லை. இரண்டும் ஒரே மூச்சில்.

தட்டிப் பார்த்தார். இப்போதும் முதல் இடம்தான் கூவியது; கோளாறு வால்வோடு போகவில்லை. சரி, பெட்டிதான். ஆனாலும் மனசு கேட்காமல், அட்டைப்பெட்டி பிரிக்காத புது வால்வு ஒன்றை எடுத்து முதல் இடத்தில் செருகினார். கண்ணாடிக்குள் சிவப்பு மெல்ல ஊறியது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாக மூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே அவர் வாயைத் திறந்தார்.

“மழ வரும் போல” என்றது பெட்டி.

அவருடைய குரல். அவர் சொல்ல வந்தது. இன்னும் சொல்லவில்லை.

பின்னுக்கு வந்தார். முதுகு சுவரில் இடித்தது. வால்வில் இல்லை. புது வால்வு, யாரும் தொடாதது. பெட்டியிலா? பெட்டிக்கு, அவர் நினைப்பது எப்படித் தெரியும்? இடம் மாற்றிப் பார்க்காத சாமான் இந்த அறையில் இன்னும் ஒன்றுதான் பாக்கி: அவர்.

“யாரு?” என்றது பெட்டி, அவருக்கு முந்தி.

அவர் பாய்ந்தார். அணைக்கவில்லை, ஆறவிடவில்லை, துணி தேடவில்லை. வெறுங்கையால் முதல் வால்வைப் பிடுங்கினார். விரல் பொசுங்கியது. ஸ்பீக்கர் ஒரு தடவை படாரென்று அடித்து ஓய்ந்தது.

அமைதி. கூரைத் தகரத்தில் பனி சொட்டும் சத்தம் மட்டும்.

அப்பாடா, என்றார்.

கேட்கவில்லை.

மறுபடி சொன்னார். உதடு அசைந்தது. தொண்டை அதிர்ந்தது. சத்தம் இல்லை. மேசையை அறைந்தார், அது கேட்டது. காலைத் தரையில் தேய்த்தார், கேட்டது. கத்தினார், நரம்பு புடைக்க. வெறும் காற்று.

ஃபோன் அடித்தது.

“என்னங்க? கீழதான் நிக்கறோம். இறங்கிட்டீங்களா?”

வாயைத் திறந்தார். மூடினார். திறந்தார்.

“ஹலோ? கேக்குதா? இவரு இப்படித்தான், மாப்பிள்ள, பேச மாட்டாரு... ஹலோ?”

குரல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. கையில் இருந்தது, சூடாக. ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, பொசுங்கிய விரலால் ஓட்டையைத் தடவித் தடவி, வால்வைத் திரும்பச் செருகினார். ஒரு வார்த்தை போதும். இரு. வந்துட்டேன். அவ்வளவுதான்.

கண்ணாடிக்குள் மெல்லிய சிவப்பு.

“என்னங்க?”

இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

“யுவனா” என்றது பெட்டி. அவருடைய குரல்தான். சாவகாசமாக, சிரிப்புக் கலந்து, அவர் எப்போதும் பேசுகிற மாதிரியே. “நீ போம்மா. எனக்குக் கொஞ்சம் வேல இருக்கு. நாளைக்கு வரேன்லா.”

இல்லை இல்லை இல்லை என்று அவர் தலையாட்டினார், ஃபோனைப் பார்த்து.

அந்தப் பக்கம் அவள், “நெனச்சேன்” என்றாள். கோபம்கூட இல்லை. வைத்துவிட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். செருப்பு சேற்றில் நின்றுவிட்டது. வெறுங்காலோடு படி முனைக்கு வந்தார். கீழே, மூட்டத்துக்குள், காரின் வெளிச்சம் ஒரு அரைவட்டம் அடித்துத் திரும்பியது. கையை வீசினார். கத்தினார். வாயிலிருந்து ஆவி மட்டும் வெள்ளையாகப் போயிற்று. இரண்டு சிவப்புப் புள்ளிகள். வளைவு. ஒன்று. அப்புறம் அதுவும் இல்லை.

அவருக்குப் பின்னால் வீட்டுக்குள் நாற்காலி நகர்ந்தது.

“யாரது வெளிய?”

அவருடைய குரல். முன்பின் தெரியாத ஆளைக் கேட்கிற மாதிரி.

திரும்பினார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கையை வைப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டு கையாலும் அடித்தார். தோளால் மோதினார். பலகை அதிர்ந்தது. கதவிடுக்கில் புதிதாகப் பற்றவைத்த சுருட்டு வாசனை வந்தது.

உள்ளே அவருடைய குரல், அறையில் இருந்த வேறு யாருக்கோ ஆறுதல் சொன்னது.

“ஒண்ணுமில்ல. காத்துதான்லா.”